விருந்தாளி வாசலுக்கு வரும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும்

தீபாவளி முடிந்து வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் திறந்த இல்லம், அதாவது நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுப் போடும் தீபாவளி விருந்து. மலேசியாவில், கிளாங்கில் ஒரு சாதாரண வரிசை வீடுதான். காரை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இரண்டு நீள மேசையும் வாடகை நாற்காலிகளும் போட்டால் 40 பேரைச் சமாளிக்கலாம். பகல் 12 மணியிலிருந்து மாலை 5 வரை எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். அலுவலகத்துச் சீன நண்பர்கள் 12 மணிக்கே வந்து நிற்பார்கள். மலாய் நண்பர்கள் லுஹர் என்கிற மதியத் தொழுகையை முடித்துக்கொண்டு 2 மணி வாக்கில் வருவார்கள். சொந்தக்காரர்கள் 4 மணிக்கு மேல். 6 மணிக்கு வருகிறவர்களும் சொந்தக்காரர்கள்தான், அவர்களைக் கணக்கில் சேர்த்துத்தான் உலை வைக்க வேண்டும்.

“கேட்டரிங் சொல்லிட வேண்டியதுதானே?” என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். சொல்லலாம். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே சிவப்புக் கோழி, அதே மஞ்சள் சோறு, அதே ஊறிப்போன அப்பளம். வருஷத்துக்கு ஒரு நாள் என் சமையலைச் சாப்பிடத்தான் கூப்பிடுகிறேன். அதே சமயம், நான் வியர்த்து வழிய வாணலியோடு நிற்க, வந்தவர்கள் “எங்கே அவங்க?” என்று சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. அதனால் பட்டியல் போடும்போது ஒரே ஒரு கேள்விதான்: இதை நேற்றே செய்து வைத்தால் தேறுமா, கெடுமா? தேறுவது மட்டும் மேசைக்கு வரும்.

அத்தைக்கு இந்த ஏற்பாடு ஆரம்பத்தில் ஒத்துவரவில்லை. எஸ்டேட் தோட்டத்தில் கல்யாண வீடுகளுக்குப் பெரிய சட்டியில் சமைத்தவர். அடுப்பிலிருந்து இறக்கியதும் இலையில் விழ வேண்டும், அதுதான் உபசாரம் அவருக்கு.

“பழைய கறியப் போட்டா நம்மளப் பத்தி என்னம்மா நெனப்பாங்க?”

“நேத்து வச்ச மீன்குழம்பை மறுநாள் காலையில தேடுறது யாரு அத்தை?”

அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. இப்போது ஆட்டிறைச்சியை முதல் நாளே ஏற்றச் சொல்லி அவரே நினைவுபடுத்துகிறார்.

ஆட்டுப் பெரட்டல்தான் மேசையின் ராஜா, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 40 பேருக்கு எலும்போடு 4 கிலோ. வேறு கறிகளும் இருப்பதால் ஆளுக்கு 100 கிராம் கணக்கு போதும். சின்னத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பெரிய துண்டு போட்டால் ஆளுக்கு நாலு எடுத்து மூன்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு, கறித்தூள் பிசறி ஒரு மணி நேரம் வைத்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு தாளித்து, வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகு இறைச்சியைப் போட்டு வேக விடுவேன். முக்கால் வேக்காட்டுக்கு குக்கர், அதற்குப் பிறகு திறந்த சட்டி. இதில் முக்கியமான விஷயம், முதல் நாளில் பெரட்டலை முழுசாகச் சுண்ட விடக்கூடாது. கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு நொடி தெரிந்து, மசாலா மெதுவாகத் திரும்பி வந்து மூடும். அந்தப் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். மிச்சச் சுண்டல் மறுநாள் சூடு பண்ணும்போது நடக்கும்.

தேங்காய்ப்பால் கிடையாது, உருளைக்கிழங்கும் கிடையாது. தேங்காய்ப்பால் நம் ஊர் வெயிலுக்கு மேசையில் நிற்காது. உருளைக்கிழங்கு ராத்திரி முழுக்க மசாலாவைக் குடித்துவிட்டு, மறுநாள் கிளறினால் மாவாகிவிடும். கிழங்கு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால் காலையில் தனியாகப் பொரித்துக் கடைசியில் புரட்டிக்கொள்ளலாம். மறுநாள் ஐஸ்பெட்டியிலிருந்து எடுக்கும்போது மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அதில் பாதியை வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தோடு சட்டியில் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்து, நன்றாகக் கொதித்துச் சுண்டும்வரை விடுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு கை நிறையக் கறிவேப்பிலை, இடித்த மிளகு. கறிவேப்பிலை அன்றைக்கே விழுவதால் இது நேற்றுச் செய்த கறி என்று எந்த மூக்கும் கண்டுபிடிக்காது.

கோழிக்கு ஆயாம் மசாக் மேரா, சிவப்பு மிளகாய்க் கூட்டில் புரட்டுகிற மலாய்க் கோழிக் கறி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், காரத்தைக் குறைக்கலாம், நெய்ச்சோற்றோடு சேரும். காய்ந்த மிளகாய், வெங்காயம், பூண்டு அரைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, தக்காளி விழுது சேர்த்து, கொஞ்சம் சர்க்கரை போட்ட அந்தச் சிவப்புக் கூட்டை முந்தைய வாரமே செய்து உறைபெட்டியில் போட்டுவிடலாம். விருந்து அன்று காலையில் கோழியைப் பொரித்து, சூடான கூட்டில் புரட்டினால் வேலை முடிந்தது. கோழியையும் முதல் நாளே பொரித்தால் என்ன என்று கேட்கலாம். பொரித்து ஆறிய கோழி ஐஸ்பெட்டியில் காய்ந்து நார் நாராகிவிடும், எனக்குப் பிடிப்பதில்லை. காலையில் நான் பொரிப்பது இதுவும், கிழங்கு மசாலா வைத்து மடிக்கிற கறிப்பாப்பும் மட்டும்தான்.

இறைச்சி எல்லாமே ஹலால் கடையில்தான். எங்கள் வீட்டில் மாடும் பன்றியும் சமைப்பதில்லை என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை வருகிறவர் மனசில் ஒரு தயக்கம் இருக்கலாம். அதனால் இறைச்சியை எந்தக் கடையில் வாங்கினேன் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவேன், தட்டும் காகிதத் தட்டுதான். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய் அம்மா இதையெல்லாம் கேட்பதே இல்லை. நேராக உள்ளே வந்து பெரட்டல் சட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை அவருக்கு உண்டு. கூச்சப்படுகிற மற்றவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

சைவம்தான் பலர் வீட்டில் கடைசி நிமிஷத்து யோசனையாகிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள், தீபாவளியை ஒட்டிய அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். ஆறு நாள். வாரக் கடைசியில் விருந்து வைத்தால் பெரும்பாலும் அதற்குள்தான் விழும். என் சின்னம்மா, அண்ணி இரண்டு பேருமே சஷ்டி பிடிப்பவர்கள். சீன நாட்காட்டியிலும் அமாவாசையோடுதான் மாதம் பிறக்கும். மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் சைவம் சாப்பிடுகிற பௌத்தர்கள் நிறைய, அதனால் தீபாவளி அன்றோ மறுநாளோ விருந்து வைப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான கணக்கு. எதிர் வீட்டு ஆன்டி வருஷம் முழுக்கவே சைவம், அதுவும் வெங்காயம் பூண்டு சேர்க்காத சைவம். “கொஞ்சம் தயிர் பச்சடி இருக்கு, எடுத்துக்குங்க” என்று இவர்கள் மூன்று பேரிடமும் எப்படிச் சொல்வது?

அதனால் சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. அதில் முதல் ஆள் சைவ மட்டன் பெரட்டல். சோயாவில் செய்தது, உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பிழிந்து, இஞ்சி, தக்காளி, சோம்புத்தூள், மிளகு, கறிவேப்பிலை மட்டும் வைத்துப் புரட்டினால் வெங்காயம் இல்லாத குறை தெரியாது. இதையும் முதல் நாளே செய்யலாம், செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்வேன். சோயாவுக்கு மசாலா உள்ளே இறங்க ஒரு ராத்திரி தேவை. அடுத்தது அன்னாசிப் பச்சிரி. அன்னாசியைத் துண்டு போட்டு, பட்டை, அன்னாசிப்பூ, காய்ந்த மிளகாய், வறுத்து இடித்த தேங்காய், கொஞ்சம் கருப்பட்டி. புளிப்பும் இனிப்பும் உள்ள பண்டம் என்பதால் ஐஸ்பெட்டியில் இரண்டு நாள் தாராளமாக இருக்கும், ருசியும் கூடும்.

அச்சாரை மூன்று நாள் முன்பே போட்டுவிடுவேன். எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த வேலை அது. வெள்ளரிக்காயின் விதைப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். கேரட், பயத்தங்காய், முட்டைக்கோஸும் அப்படியே. உப்புத் தூவி ஒரு மணி நேரம் விட்டால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். ஒரு பழைய சுத்தமான பருத்தித் துணியில் கொட்டி, முனையைச் சேர்த்துப் பிடித்து, துணி முறுகிக் கை வலிக்கும்வரை பிழிய வேண்டும். வெள்ளரி வளைந்தாலும் ஒடியக் கூடாது, அந்த அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் காய்ந்த மிளகாய், மஞ்சள் அரைத்த விழுதை எண்ணெயில் வதக்கி, வினிகர், சர்க்கரை, உப்பு போட்டுக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் காய்களைக் கொட்டிக் கிளறுவது. பூண்டு சேர்க்காமலே நன்றாக வரும். வறுத்து இடித்த வேர்க்கடலையையும் எள்ளையும் மட்டும் தனிப் போத்தலில் வைத்து, மேசையில் வைக்கும்போது தூவுங்கள். முன்பே போட்டால் கடலை ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும்.

இனிச் சோறு. எல்லாவற்றையும் முன்கூட்டியே செய் என்று சொல்லிக்கொண்டே வந்தாலும் சோற்றுக்கு மட்டும் அந்த விதி கிடையாது. வெந்த சோற்றை அறைச் சூட்டில் ராத்திரி முழுக்க வைத்தால், வேகும்போதும் சாகாமல் தப்பிக்கிற ஒரு வகைக் கிருமி அதில் பெருகி நஞ்சை உண்டாக்கும்; மறுநாள் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. நெய்ச்சோற்றை விருந்து அன்று, அதுவும் இரண்டு தடவையாக வைப்பேன். முதல் உலை 11:30க்கு, இரண்டாவது 2:30க்கு. ஆனால் அதற்கான வேலை எல்லாம் முதல் நாளே முடிந்திருக்கும். ஒவ்வொரு உலைக்கும் 1.5 கிலோ பாஸ்மதி அளந்த டப்பா, பட்டை, கிராம்பு, ஏலக்காய், வாசனைக்கான பண்டான் இலை முடிந்த பொட்டலம், பொரித்து வைத்த வெங்காயம். மின்சாரச் சோற்றுக் குக்கரில் கழுவிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்த என் பெரிய மகனுக்கே தெரியும். மீகூன் என்கிற அரிசிச் சேமியாவும் இடியப்பமும் இருப்பதால் 40 பேருக்கு 3 கிலோ அரிசி போதும்.

இடியப்பத்தை நான் செய்வதில்லை. பசாருக்குப் பக்கத்தில் ஒரு அக்கா போடுவார், அவரிடம் சொல்லிவிட்டால் காலையில் மெத்தென்று வந்துவிடும். எல்லாம் என் கையால்தான் நடக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை. மீகூன் மட்டும் அன்று காலை 10 மணிக்கு, காளான், முட்டைக்கோஸ், பொரித்த தவ்வு (சோயாக் கட்டி) போட்டுச் சைவமாக. காய்களையெல்லாம் முதல் நாளே நறுக்கி வைத்திருந்தால் 20 நிமிஷ வேலை. மீகூனைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் உடையாமல் வரும், சுடுதண்ணீரில் போட்டால் குழையும்.

கறிப்பாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் நாத்தனார் கோபித்துக்கொள்வார். கிழங்கு மசாலா வைத்து மடித்து, பொரிக்காமல் தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, கெட்டியானதும் பையில் போட்டுவிடுங்கள். மாதக் கணக்கில் இருக்கும். பொரிக்கும்போது உறைந்தது உறைந்தபடியே மிதமான சூட்டு எண்ணெயில் போட வேண்டும். வெளியே வைத்து இளக விட்டால் மாவு ஈரமாகி, எண்ணெயில் வாயைப் பிளந்துவிடும்.

பலகாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கு, அச்சுமுறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை, சூஜி பிஸ்கட் எல்லாம் தீபாவளிக்கே செய்து சிவப்பு மூடிப் போத்தல்களில் இருக்கும். ஆனால் விருந்து அன்று மிஞ்சுவதற்காக இரண்டு போத்தல் முறுக்கை அலமாரி உச்சியில் ஒளித்து வைப்பது என் வழக்கம். இனிப்புக்குக் கடல்பாசி. பண்டான் போட்ட பச்சை அடுக்கு, தேங்காய்ப்பால் வெள்ளை அடுக்கு. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைவிட அரைக் கோப்பைத் தண்ணீரைக் குறைத்தால் கையில் எடுத்துச் சாப்பிடும் பதத்துக்குக் கெட்டியாக வரும். ஜெலட்டின் மாதிரி வெயிலில் உருகி ஓடாது, பாசியில் செய்தது என்பதால் சைவக்காரர்களும் மலாய்க்காரர்களும் யோசிக்காமல் எடுப்பார்கள். தேங்காய்ப்பால் இருப்பதால் கடைசியில்தான் வெளியே வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. குடிக்க சிராப், அதாவது ரோஜா சர்பத். சர்க்கரைப் பாகைப் பண்டான் இலையோடு காய்ச்சி ஒரு வாரம் முன்பே போத்தலில் அடைத்துவிடலாம், பால் ஊற்றிப் பண்டோங் என்கிற பால் சர்பத் ஆக்குவது அன்றைக்கு, குடத்துக்குக் குடம்.

சேர்க்காதவை: தோசை, பூரி, உளுந்து வடை, தேங்காய்ச் சட்னி, மீன் பொரியல். எல்லாமே எனக்கு உயிர்தான். ஆனால் இதில் எது வந்தாலும் ஒரு ஆள் அடுப்பிலேயே நிற்க வேண்டும், அந்த ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவையும் முன்கூட்டிச் செய்தால் எங்கே வைப்பது? உண்மையில் விருந்தின் அளவைத் தீர்மானிப்பது ஐஸ்பெட்டிதான். ஒரு வாரம் முன்பே பழைய சாஸ் போத்தல், பாதி எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் வெளியேற்றுவேன். பானங்களுக்கு ஐஸ்பெட்டியில் இடம் கிடையாது. மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று வாங்கி, ஐஸ் கட்டி நிரப்பி வாசலில் வைத்துவிட்டால் பிள்ளைகள் தாமே எடுத்துக்கொள்வார்கள், சமையலறைக்குள் ஓடி வர மாட்டார்கள். பெரட்டல் சட்டியைச் சட்டியோடு உள்ளே தள்ளாதீர்கள். நடுவில் உள்ள கறி ஆறுவதற்கு மணிக்கணக்காகும், பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான டப்பாக்களில் பிரித்துப் போட்டு, ஆவி அடங்கியதும் மூடி, இறக்கிய 2 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். தட்டை டப்பாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு: மறுநாள் தேவைப்படுவதை மட்டும் எடுத்துச் சூடு பண்ணலாம். எல்லாவற்றையும் ஒரே தடவை சூடு பண்ணி, மாலை வரை திரும்பத் திரும்பச் சுட வைத்தால் இறைச்சி தும்பாகிவிடும்.

கீழே நெருப்புக் குப்பி வைக்கிற அந்த எவர்சில்வர் தட்டுகள் இரண்டு வாடகைக்கு எடுப்பேன், ஆட்டுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று. அது இருக்கிற சூட்டைக் காப்பாற்றுமே தவிர, ஆறிய கறியைச் சூடாக்காது. அடித்தட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மேலே கொதிக்கிற கறியை வைத்தால்தான் 60 டிகிரிக்கு மேல் நிற்கும். தட்டு காலியானதும் உள்ளே எடுத்துப் போய் வேறு தட்டில் புதிதாக நிரப்பிக் கொண்டு வர வேண்டும். பழையதன் தலையில் புதுசைக் கொட்டக் கூடாது. நெருப்பு இல்லாமல் வெளியே இருக்கும் மீகூன், கறிப்பாப் போன்றவற்றுக்கு 2 மணி நேரம்தான் கெடு. அதனால்தான் எல்லாவற்றையும் சின்னத் தட்டில் வைக்கிறேன், திரும்பத் திரும்ப நிரப்புகிற வேலை பிள்ளைகளுக்கு.

மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் வரிசை நகரும். தட்டு, சோறு, கறி என்று போய்க் கடைசியில்தான் கரண்டியும் காகிதத் துணியும். முதலிலேயே கொடுத்தால் ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தடுமாறுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் ஒரு அட்டை: ஆடு, கோழி, சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது. மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து என் சின்ன மகள் எழுதுவாள், பெரட்டலுக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு மிளகாய் வரைந்து வைப்பாள். “இது என்ன, இது காரமா?” என்று 40 பேருக்கும் பதில் சொல்கிற வேலை மிச்சம். வீட்டுக்காரருக்கு வாசலில் வேலை: வருகிறவர்களை உட்கார வைப்பது, பிள்ளைகளுக்கு ஊதா நிற அங்பாவ் (பணம் வைத்த உறை) கொடுப்பது, மாலையில் மழை வந்தால் நாற்காலிகளை உள்ளே இழுப்பது. கிளாங்கில் அந்த மாதத்தில் மழை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

போகும்போது எல்லோருக்கும் கொஞ்சம் தாபாவ், அதாவது பார்சல், கட்டிக் கொடுக்காமல் அனுப்ப மனசு வராது. அதிலும் கணக்கு இருக்கிறது. ஐஸ்பெட்டியில் இன்னும் வெளியே வராத டப்பாவில் இருக்கும் பெரட்டல், அச்சார், பச்சிரி, ஒளித்து வைத்த முறுக்கு, இவற்றைத்தான் கட்டுவேன். மேசையில் மதியத்திலிருந்து இருந்த சோறும் மீகூனும் யார் கேட்டாலும் கிடையாது. கட்டுவதற்குக் கடையில் விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டப்பாவில் கொடுத்தால் அடுத்த தீபாவளிக்குள் டப்பா வந்தாலும் வரும், மூடி வராது.